பிரிக்கப்படாத ஐந்து பெட்டிகள்

பெரியப்பாவின் அலமாரியை இன்று ஒழுங்குபடுத்தியபோது, ஒரே மாதிரியான ஐந்து கைக்கடிகாரப் பெட்டிகள், ஒட்டிய நாடாகூடக் கிழிக்கப்படாமல், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன.

செலவழித்த ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதி வைத்தவர் அவர்.

‘இந்த வயதில் ஏன் இந்த ஊதாரித்தனம்’ என்று நாங்கள் அவரைக் கடிந்துகொண்ட நாட்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்மடல்தான் ‘சற்றுப் பொறு’ என்று நம்மைத் தடுக்கிறது. 1848இல் இரும்புக் கம்பி மண்டையைத் துளைத்தும் உயிர் பிழைத்த பினியஸ் கேஜ் என்ற ரயில்பாதைத் தொழிலாளியின் குணம் அடியோடு மாறிப்போனதை அவருடைய மருத்துவரே பதிவுசெய்திருக்கிறார்.

முன்மடலையும் பக்கமடலையும் அரிக்கும் மறதிநோய் பெரும்பாலும் 45 முதல் 65 வயதுக்குள் தொடங்குகிறது. அதில் நினைவு தெளிவாக இருக்கும்போதே நிதானம் குலைந்துவிடுவதுண்டு. பார்க்கின்சன் நோய்க்கான சில மருந்துகளும் சூதாட்டத்திலோ பொருள் வாங்குவதிலோ அடக்க முடியாத வேட்கையைத் தூண்டக்கூடும் (அதற்காக, மருத்துவரைக் கேட்காமல் அவற்றைத் திடீரென நிறுத்திவிடக் கூடாது).

பெரியப்பாவுக்கு வந்தது அந்த மறதிநோய். எங்கள் எல்லோருடைய பிறந்தநாளும் அவருக்கு நினைவிருந்ததால், அது நோயாக இருக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அடியில் இருந்த பெட்டியின்மேல், அவருடைய கையெழுத்தில், என் பெயர் இருந்தது.