பெரியப்பாவா, மாமாவா?

ஜூன் 3
புதிய மொழிபெயர்ப்பைத் தொடங்கினேன். 1860களின் இங்கிலாந்தில் நடக்கும் குடும்பக் கதை. முதல் பக்கத்திலேயே ஒரு சாவு. அதற்கு 'அங்கிள்' வருகிறார். யார் இவர்? பெரியப்பாவா, சித்தப்பாவா, தாய்மாமனா, அத்தையின் கணவரா? எழுதியவர் சொல்லவில்லை, ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதும் இல்லை. நம் துக்க வீட்டிலோ பங்காளி நிற்கும் இடம் வேறு, மாமன் நிற்கும் இடம் வேறு. அந்த இடத்தைக் காலியாக விட்டு அடுத்த வரிக்குப் போனேன்.

ஜூன் 5
மதியம் முழுவதும் அகராதிகளோடு கழிந்தது. 'அங்கிள்' என்பதன் வேர் லத்தீனின் 'அவுன்குலுஸ்'. அதற்குத் தாய்மாமன் என்று மட்டுமே பொருள்! அப்பாவின் சகோதரருக்கு 'பத்ருவுஸ்' என்று தனிச்சொல் இருந்திருக்கிறது. 'ஆன்ட்' பிறந்த 'அமிதா'வோ அப்பாவின் சகோதரி, நம் அத்தையேதான். பழைய ஆங்கிலத்திலும் நான்கு உறவுக்கும் நான்கு சொற்கள். தாய்மாமனை 'ஏயம்' என்றும் அத்தையை 'ஃபது' என்றும் அழைத்திருக்கிறார்கள். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைப் பிடித்தபின் பிரெஞ்சு மெல்ல மெல்ல ஊறி, பொது வழக்கில் நான்கு போய் இரண்டே மிஞ்சின. ஒரு மொழி தன் மாமனையும் அத்தையையும் இப்படித் தொலைக்க முடியும் என்பது மனதை என்னவோ செய்தது.

இரவு அண்ணன் மகள் தொலைபேசியில் 'ஆன்ட்டி' என்றாள். அத்தை என்று கூப்பிடச் சொன்னேன்.

ஜூன் 10
இன்று முழுக்க ஒரே பக்கம். மனைவியை இழந்தவரும் அவளுடைய தங்கையும் ஒரே வீட்டில் குழந்தைகளை வளர்க்கிறார்கள். அவள் அவருக்கு 'சிஸ்டர்-இன்-லா'. அந்த 'லா' திருச்சபைச் சட்டம். யார் யாரை மணக்கக் கூடாது என்று வரையறுத்த சட்டம். மனைவியின் தங்கை அவருக்கும் தங்கை முறையே. 1835 முதல் 1907 வரை இங்கிலாந்தில் அப்படியொரு திருமணம் செல்லவே செல்லாது. 'கொழுந்தியாள்' என்று எழுதினால் நம் வாசகர், குழந்தைகளுக்காகவாவது கட்டிக்கொள்ளலாமே என்றுதான் நினைப்பார். அந்த வீட்டின் அச்சம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் கரைந்துவிடும். 'சட்டம் தங்கையாக்கியவள்' என்று எழுதிப் பார்த்தேன். கனமாக இருக்கிறது, ஆனாலும் விட்டுவைத்திருக்கிறேன்.

ஜூன் 16
பழமொழிகள் எளிதாக வந்தன. இரத்தம் தண்ணீரைவிட அடர்த்தி என்று அவர்கள் சொல்வதற்குத் 'தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும்' கச்சிதம். அனுபவமில்லாத இளைஞனைக் காதுக்குப் பின்னால் ஈரம் காயாதவன் என்கிறார்கள், அப்போதுதான் பிறந்த கன்றைப் பார்ப்பதுபோல. நாம் முளைத்து மூன்று இலை விடவில்லை என்கிறோம். தகப்பனை உரித்துவைத்த மகன் அங்கே பழைய மரக்கட்டையிலிருந்து தெறித்த சில்லு. இதற்கு மட்டும் 'தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை' ஒத்துவரவில்லை; கதையில் தாய் இல்லை. சில்லையே வைத்துக்கொண்டேன்.

ஜூன் 24
கிடைத்துவிட்டது. 212ஆம் பக்கத்தில் அந்த அங்கிள் சொல்கிறார்: "உன் அப்பனை என் தோளில் தூக்கிக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போவேன்." குடும்பப் பெயரும் அதேதான். முதல் பக்கத்துக்குத் திரும்பி, மூன்று வாரமாகக் காலியாகக் கிடந்த இடத்தில் 'பெரியப்பா' என்று எழுதினேன்.