மேகத்துளி எண்ணி: பட்டறைக் குறிப்புகள்

ஜூன் 3
துளி லேசர் பீமைக் கடக்கும்போது சிதறும் ஒளி டிடெக்டரில் ஒரு மின்துடிப்பு (பல்ஸ்) ஆகிறது; அதன் உயரத்திலிருந்து துளியின் விட்டம். 658 நானோமீட்டர் லேசர் நேராக விழும் இடத்தில் கறுப்புத் தகடு. அதற்கு வெளியே 4 முதல் 12 பாகைக்குள் சிதறும் ஒளி மட்டும் லென்ஸுக்குப் போகவேண்டும். தகட்டு விளிம்பில் ஒரு பிசிர். துளியே இல்லாமல் டிடெக்டரில் 40 மில்லிவோல்ட். 1200 எண் உப்புத்தாளில் தேய்த்து மேட் கறுப்பு அடித்ததும் 6. பளபளக்கும் கறுப்பு ஆகாது.

ஜூன் 5
20 மைக்ரான் கண்ணாடி மணிகளை வைத்து அளவுத்திருத்தம். காற்று நொடிக்கு அரை மீட்டர். கண்ணாடியின் ஒளிவிலகல் எண் 1.5 சொச்சம், நீருக்கு 1.33, மீ (Mie) ஒளிச்சிதறல் கணக்கில் மாற்றாமல் மணியைத் துளியாக எழுதினால் அளவு தப்பும். 10 மைக்ரானுக்குக் கீழே விட்டம்-பல்ஸ் உயரம் வளைகோடு ஏறி இறங்குவதால் ஒரே பல்ஸ் உயரத்துக்கு இரண்டு மூன்று விட்டங்கள் பொருந்தும். அங்கே அளவுப் பிரிவுகளை அகலமாகப் போட்டாயிற்று.

ஜூன் 6
விசிறியை நொடிக்கு 5 மீட்டருக்கு ஏற்றினால் அதே மணி சிறுத்துத் தெரிகிறது! ஒளியியலில் பழுதில்லை, ஆம்ப்ளிஃபயரில்தான். 10 மெகாஓம் ரெசிஸ்டரும் 3.3 பிகோஃபேரட் கெப்பாசிட்டரும் சேர்ந்தால் தாமதம் 33 மைக்ரோநொடி. 0.2 மி.மீ. பீமை மணி கடப்பதோ 40 மைக்ரோநொடியில். பல்ஸ் உச்சியைத் தொடுமுன் முடிந்துவிடுகிறது. மெதுவான காற்றில் மட்டும் சோதித்தால் இது கண்ணிலேயே படாது. இப்போது 1 மெகாஓம், 2.2 பிகோஃபேரட், பின்னால் பத்து மடங்குப் பெருக்கம். இரைச்சல் கூடியது, 2 மைக்ரான் துளிகளைக் கைவிட வேண்டியதுதான்.

ஜூன் 9
எல்லோரும் விட்டத்தையே பார்க்கிறார்கள். எண்ணிக்கையைக் கெடுப்பது மாதிரிப் பரப்பு, அதாவது துளி கடந்தால் எண்ணப்படும் பீம் பகுதியின் பரப்பு. இரண்டு டிடெக்டர்; ஒன்று துளியின் அளவு பார்க்க, மற்றதன் முன்னால் பிளவு. பிளவு உள்ளதில் பல்ஸ் பெரிதாக வந்தால்தான் துளி குவியத்தில் இருக்கிறது, எண்ணலாம். வரைபடப்படி பரப்பு 0.30 சதுர மி.மீ. 5 மீட்டர் வேகத்தில் நொடிக்கு 1.5 கன செ.மீ. காற்று; கன செ.மீ.க்கு 200 துளி என்றால் 300 பல்ஸ். பீசோ முனையிலிருந்து (மின்சாரத்தால் அதிர்ந்து துளி விடும் குழாய் நுனி) ஒற்றைத் துளிகளை விட்டு, முனையை 10 மைக்ரான் படிகளாக நகர்த்தி அளந்ததில் 0.36. இதுவரை எழுதிய எண்ணிக்கை எல்லாம் 20 சதவீதம் கூடுதல்.

ஜூன் 12
மீயொலி ஈரப்பதமூட்டியின் பனியில் சோதனை. மூன்றாம் நிமிடமே கண்ணாடி மூடிக்கொண்டது. சூடேற்றும் ரெசிஸ்டர் கண்ணாடிக்குப் பின்னால். முன்னால் வைத்தால் துளியே ஆவியாகும்.
பனி அடர்ந்ததும் எண்ணிக்கை குறைந்து விட்டம் பெருத்தது: இரண்டு துளி சேர்ந்து ஒரே பல்ஸ். அளவு பார்க்கும் டிடெக்டர் மாதிரிப் பரப்புக்கு வெளியே உள்ள துளிகளையும் பார்க்கிறது. அதன் முன்னால் ஊசித்துளைத் தகடு வேண்டும்; 0.8 மி.மீ.யில் தொடங்கலாம்.