இருதயமும் கல்லுப்பும்

கத்தோலிக்கர்களுக்கு ஜூன் மாதம் இருதய ஆண்டவருக்கு, அதாவது இயேசுவின் திருஇருதயத்துக்கு, உரியது. அதிலும் முதல் வெள்ளி வந்துவிட்டால் மரக்காணத்து அத்தையை வீட்டில் பிடித்து வைக்க முடியாது. அன்றைக்குக் கருவாட்டுக் கூடையைத் தொடவே மாட்டார். இந்த முறை துணைக்கு நான் போனேன்.

புதுச்சேரி ரயில்வே ஸ்டேஷன் பக்கம், சுப்பையா சாலையில் சிவப்பும் வெள்ளையுமாக நிற்கிற இருதய ஆண்டவர் கோயில். 1907-இல் ஆசீர்வதித்துத் திறந்தது, 2011-இல் பசிலிக்கா (போப்பாண்டவர் தரும் சிறப்புத் தகுதி பெற்ற கோயில்) ஆனது. வாசலுக்கு மேலே லத்தீனில் ஒரு வசனம். என் பெயர் என்றும் விளங்க இந்த இடத்தைப் புனிதமாக்கினேன் என்று, சாலமோன் கட்டிய ஆலயத்தைப் பற்றிக் கடவுள் சொன்னது; என் கண்ணும் என் இதயமும் எந்நாளும் அங்கே இருக்கும் என்று விவிலியத்தில் அந்த வசனம் முடியும் (2 குறிப்பேடு 7:16).

சின்ன வயதில் இருதய ஆண்டவர் சுரூபம் என்றால் எனக்குப் பயம். நெஞ்சுக்கு வெளியே இதயம், அதைச் சுற்றி முள், மேலே தீ, சிலுவை. பக்கத்தில் ஒரு காயம். சிலுவையில் இயேசுவின் விலாவை ஈட்டியால் குத்தியதும் இரத்தமும் தண்ணீரும் வந்ததாக யோவான் எழுதியது (19:34) அந்தக் காயம்தான். முள், படைவீரர்கள் கேலிக்குப் பின்னிய முள்முடியிலிருந்து வந்தது. தீயைப் பார்க்கும்போது எனக்கு மோசே கண்ட, எரிந்தும் கருகாத முட்புதர் ஞாபகம் வரும். எல்லாம் சேர்ந்த இந்த உருவம் 17-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் மார்கரெட் மரியா என்ற கன்னியாஸ்திரி கண்ட காட்சியால் பரவியது. விவிலியத்தில் இதயம் அன்புக்கு மட்டுமான இடமில்லை. யோசிப்பதும் முடிவெடுப்பதும் அங்கேதான். நெஞ்சறியப் பொய் சொல்லாதே என்கிறோமே, அந்த நெஞ்சு.

விவிலியத்தின் மற்ற அடையாளங்களான புறா, வானவில், ஆட்டுக்குட்டி எல்லாம் மறைக்கல்வி வகுப்பிலேயே முடிந்த கதை. எனக்குப் புரியாமல் உதைத்தது உப்புதான். அன்றைய பிரசங்கமும் அதுவே: நீங்கள் மண்ணுலகுக்கு உப்பு, உப்பு உவர்ப்பற்றுப் போனால் வெளியே கொட்டி மிதிக்கத்தான் உதவும் (மத்தேயு 5:13).

பூசை முடிந்து படியில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன். "உப்பு எப்படி அத்தை சப்பென்று ஆகும்? உப்பு கெடவே கெடாதே."

அத்தை என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே!

"மழையில நனைஞ்ச உப்பு மூட்டைய நீ எங்க பாத்திருக்கப் போற? நல்ல உப்பெல்லாம் கரைஞ்சி ஓடிப்பூடும். அடியில வெள்ளையா மண்ணு மாதிரி ஒண்ணு நிக்கும், நாக்குல வச்சா சப்புன்னு இருக்கும். பாக்க உப்புதான். அதப் போட்டு மீன் காயவச்சா மறுநாளே புழு வச்சிடும். அத வழியில கொட்றதில்லாம வேற என்ன பண்றது?"

சாக்கடல் பக்கத்து உப்பும் சுத்தமானதில்லை, ஜிப்சமும் மற்ற தாதுக்களும் கலந்தது என்று எப்போதோ படித்திருக்கிறேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். அத்தை அதற்குள் ஜெபமாலையை டப்பாவில் போட்டு மூடி, பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டார்.

ஈசிஆரில் மரக்காணம் நெருங்கும்போது மேகம் கறுத்திருந்தது. உப்பளத்தில் நாலைந்து பேர் குவியல்கள்மேல் அவசர அவசரமாக ஓலை போர்த்திக்கொண்டிருந்தார்கள். அத்தை ஜன்னலோரம் நகர்ந்து, கடைசிக் குவியல் மூடுகிற வரைக்கும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.