போர் தண்ணீரும் மீன்தொட்டியின் நைட்ரேட்டும்

மீன்தொட்டியில் நைட்ரேட் ஏறிவிட்டது என்று சொன்னால், தண்ணீரை மாற்றுங்கள் என்பதுதான் எங்கும் கிடைக்கும் முதல் பதில். பதில் சரிதான். ஆனால் மாற்றுவதற்கு எடுக்கும் தண்ணீரில் நைட்ரேட் எவ்வளவு என்பதைச் சென்னையில் முதலில் கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் அடுக்ககத்தின் சம்ப்பில் மெட்ரோ தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்து கிடக்கும். கோடையில் லாரி தண்ணீரும் சேர்ந்துகொள்ளும். இன்று வாளியில் பிடிப்பது எந்தத் தண்ணீர் என்று காவலாளிக்கே உறுதியாகத் தெரியாது.

மீன் தன் செவுள் வழியாகவும் கழிவின் வழியாகவும் வெளிவிடும் அம்மோனியாவை பில்டரில் வாழும் பாக்டீரியாக்கள் முதலில் நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. சாதாரண பில்டரின் வேலை அத்தோடு முடிந்துவிடுகிறது. நைட்ரேட் முந்தைய இரண்டைப் போல உடனே கொல்வதில்லை என்றாலும், லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குள் வைத்திருப்பது நல்லது, 40-ஐத் தாண்டவிடக் கூடாது என்பது மீன் வளர்ப்போரிடையே பரவலாக உள்ள கணக்கு. குஞ்சுகளுக்கும் இறாலுக்கும் இன்னும் குறைவாக இருப்பதே பாதுகாப்பு.

நிலத்தடி நீரில் நைட்ரேட் கலப்பதற்குச் சாக்கடைக் கசிவும் செப்டிக் டேங்கும் முக்கியக் காரணங்கள். மண் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதில்லை, மழை நீரோடு அப்படியே கீழே இறங்கிவிடும். குடிநீருக்கான இந்தியத் தர அளவே 45 மில்லிகிராம் என்பதால், நாம் குடிக்கலாம் என்று சான்று பெற்ற தண்ணீர்கூட மீன்தொட்டியின் 40-ஐத் தாண்டியிருக்கக்கூடும். காய்ச்சினால் குளோரின் போகும், நைட்ரேட் போகாது; ஆவியாகும் நீரின் அளவுக்கு அதன் செறிவு கூடத்தான் செய்யும்.

இதில் ஒரு சின்னக் கணக்கு உண்டு. வாரத்தில் தொட்டியின் நைட்ரேட் 10 ஏறுகிறது, வாரம் ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். சில மாதங்களில், மாற்றுவதற்குச் சற்று முன் இருக்கும் அளவு, குழாய் நீரின் நைட்ரேட்டோடு 40-ஐக் கூட்டினால் வரும் எண்ணில் வந்து நிலைக்கும். அதாவது, வார ஏற்றத்தை மாற்றும் பங்கால் வகுத்து, குழாய் நீரின் அளவைக் கூட்ட வேண்டும். பாதி மாற்றினால் கூட்டல் 20 ஆகக் குறையும். குழாய் நீரிலேயே 30 இருந்தால், பாதி மாற்றியும் தொட்டி 50-இல்தான் நிற்கும். தினமும் மாற்றினாலும் 30-க்குக் கீழே இறங்க வழியே இல்லை. எத்தனை வாளி சுமந்தாலும் நைட்ரேட் குறையவில்லை என்று புலம்புவோரில் பலர் குழாய் நீரை ஒருமுறையும் சோதித்துப் பார்த்ததில்லை.

சோதிப்பதிலும் கவனம் வேண்டும். திரவ டெஸ்ட் கிட்டுகள் பலவற்றில், குப்பிகளில் ஒன்றின் அடியில் நுண்ணிய தூள் படிந்திருக்கும். நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கி நிறம் வரச் செய்வது அந்தத் தூள்தான் என்பதால், குப்பியை அரை நிமிடமாவது வேகமாகக் குலுக்காமல் சொட்டுவிட்டால் நிறம் வெளிறிப்போய், உண்மையைவிடக் குறைந்த அளவைக் காட்டும். 40-க்கு மேல் எல்லாச் சிவப்பும் ஒரே சிவப்பாகவே என் கண்ணுக்குத் தெரிகிறது; அப்போது தொட்டி நீரோடு சம அளவு ஆர்.ஓ. தண்ணீரைக் கலந்து சோதித்து, வந்த அளவை இரட்டிப்பாக்கிக்கொள்கிறேன். சில கிட்டுகள் நைட்ரேட்டை நைட்ரஜன் கணக்கில் சொல்லும், அதை 4.43-ஆல் பெருக்கினால்தான் இங்கே சொல்லும் அளவுகளோடு ஒப்பிட முடியும்.

வார ஏற்றத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் தீனிதான். 40 சதவீதம் புரதமுள்ள தீனி ஒரு கிராமில் சுமார் 64 மில்லிகிராம் நைட்ரஜன் இருக்கும். அது முழுதும் நைட்ரேட்டானால் 100 லிட்டர் தொட்டியில் லிட்டருக்கு 2.8 மில்லிகிராம் ஏறும். மீன் வளரும்போது ஒரு பகுதியைத் தன் உடலில் வைத்துக்கொள்ளும் என்பதால் இது உச்ச வரம்பு. தீனியைக் குறைத்து, பில்டரின் ஸ்பாஞ்சைத் தொட்டி நீரிலேயே பிழிந்து, சரளைக் கற்களுக்கு அடியில் சேரும் கசடைச் சைபன் குழாயால் உறிஞ்சி எடுத்தாலே ஏற்றம் கணிசமாகக் குறையும். மணி பிளாண்ட்டின் வேரை நீரில் விட்டு இலைகளை வெளியே படரவிடுவதும் உதவும். ஆனால் பழுத்த இலை தொட்டிக்குள் விழுந்து அழுகினால் எடுத்த நைட்ரஜனைத் திருப்பிக் கொடுத்துவிடும்.

குழாய் நீரே மோசம் என்றால் ஆர்.ஓ. தண்ணீரையோ, முதல் மழை கழிந்த பின் மொட்டை மாடியில் பிடித்த நீரையோ கலந்துகொள்வதைத் தவிர வேறு எளிய வழி எனக்குத் தெரியவில்லை. எங்கள் தொட்டிக்கு ஒரு பங்கு போர் தண்ணீரும் ஒரு பங்கு ஆர்.ஓ. தண்ணீரும் கலந்துதான் விடுகிறேன். ஆர்.ஓ. நீரை மட்டுமே ஊற்றுவது சரியல்ல. அதில் தாது உப்புகள் மிகக் குறைவு, நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவைத் தாங்கிப் பிடிக்க எதுவும் இராது.

நெடுநாள் கவனிக்காமல் விட்ட தொட்டியில் இதையெல்லாம் ஒரே நாளில் செய்யக் கூடாது. அத்தகைய தொட்டியில் பிஎச் இறங்கியிருக்கும், அம்மோனியா பெருமளவு நச்சு மிகக் குறைந்த அம்மோனியமாக இருக்கும். காரத்தன்மையுள்ள போர் தண்ணீரை ஒரேயடியாகப் பாதிக்கு மேல் ஊற்றினால் பிஎச் ஏறி, அது நச்சுள்ள அம்மோனியாவாக மாறும். ஆகவே முதலில் அம்மோனியாவைச் சோதித்துவிட்டு, ஒரு நாள் விட்டு ஒரு நாள் பத்தில் ஒரு பங்காகத் தண்ணீரை மாற்றத் தொடங்குவதே முறை.