எந்த வாயுவில் செய்தார்கள்? கதிர்வீச்சு வேதியியல் கட்டுரைகளோடு ஒரு வருடம்

எம்.எஸ்சி. வேதியியல் இரண்டாம் ஆண்டில் எனக்குக் கிடைத்த புராஜெக்ட், தண்ணீரில் காமா கதிர் பட்டால் என்ன வினைகள் நடக்கின்றன என்பது. சேலத்தில் நான் படித்த கல்லூரியில் காமா கதிர் தரும் கோபால்ட்-60 எல்லாம் கிடையாது. அதனால் செய்முறை இல்லை. வெளிவந்த ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துத் தொகுத்து எழுத வேண்டும், கடைசியில் வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. இதே மாதிரி தலைப்பு கிடைத்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் தேடும் சொல்லைச் சரி செய்துகொள்ளுங்கள். கதிரியக்க வேதியியல் வேறு, கதிர்வீச்சு வேதியியல் வேறு. முன்னது யுரேனியம், தோரியம் போலத் தானாகச் சிதையும் தனிமங்களைப் பற்றியது. பின்னது, கதிர் ஒரு பொருளில் விழுந்து அங்கே உண்டாக்கும் வேதிமாற்றம் பற்றியது. இரண்டையும் கலந்து தேடியதில் முதல் இரண்டு வாரம் நான் இறக்கி வைத்த கட்டுரைகளில் பாதிக்கு மேல் எனக்கு வேண்டாதவை.

பெரிய தவறு அதற்கப்புறம்தான் நடந்தது. ஃபிரிக் டோசிமீட்டர் என்று ஒன்று உண்டு. கந்தக அமிலத்தில் ஃபெரஸ் என்ற இரும்பு உப்பைக் கரைத்து, கதிர் பட்டபின் எவ்வளவு ஃபெரிக் அயனி உண்டாயிற்று என்று 304 நானோமீட்டரில் அளந்து, விழுந்த கதிரின் அளவைக் கணக்கிடும் முறை. ஒரு கட்டுரையில் அதன் ஜி மதிப்பு, அதாவது 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுக்கு உண்டாகும் அயனிகளின் எண்ணிக்கை, 15.5 என்று இருந்தது. இன்னொன்றில் 8.2. "இரண்டு ஆய்வுகளும் முரண்படுகின்றன" என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். என் புராஜெக்ட்டைப் பார்த்துக்கொண்ட மேடம் அந்த வரியின்மேல் பென்சிலை வைத்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "ரெண்டு பேரும் எந்த வாயுவில் செஞ்சாங்கம்மா?" என்னிடம் பதில் இல்லை.

எங்கள் வீடு ஏற்காட்டில். அடிவாரம் தாண்டிவிட்டால் 20 கொண்டை ஊசி வளைவுகள், பஸ்ஸில் காகிதத்தைப் பார்க்கவே முடியாது. மேலே போய்ச் சேரும்வரை அந்தக் கேள்வியைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். ராத்திரி உட்கார்ந்து கையால் போட்டுப் பார்த்தேன். கதிர் பட்டதும் தண்ணீர் உடைந்து, சட்டென்று வினைபுரியும் துண்டுகள் உண்டாகும். அமிலத்தில் ஹைட்ரஜன் அணுவுக்கு ஜி 3.65, ஹைட்ராக்சில் ரேடிக்கலுக்கு 2.95, ஹைட்ரஜன் பெராக்சைடுக்கு 0.8. காற்று இருந்தால் ஹைட்ரஜன் அணு ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் படிப்படியாக மூன்று ஃபெரஸ் அயனிகளை ஆக்சிஜனேற்றும். ஹைட்ராக்சில் ஒன்றை, பெராக்சைடு இரண்டை. கூட்டினால் 10.95, 2.95, 1.6, மொத்தம் 15.5! ஆக்சிஜனை வெளியேற்றிவிட்டால் ஹைட்ரஜன் அணுவால் ஒன்றைத்தான் மாற்ற முடியும். 3.65, 2.95, 1.6, மொத்தம் 8.2. இரண்டு கட்டுரையும் சரி. அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் மறக்கவில்லை.

அதிலிருந்து எந்தக் கட்டுரையை எடுத்தாலும் சுருக்கத்தையும் முடிவையும் விட்டுவிட்டு, செய்முறைப் பகுதியைத்தான் முதலில் படித்தேன். கரைசலில் எந்த வாயுவைச் செலுத்தினார்கள், அமிலத்தன்மை என்ன, கூட வேறு என்ன கலந்தார்கள் என்று பாருங்கள். நைட்ரஸ் ஆக்சைடு செலுத்தியிருந்தால் ஆசிரியருக்கு வேண்டியது ஹைட்ராக்சில். அந்த வாயு நீரேறிய எலக்ட்ரானை, அதாவது கதிர் பிய்த்தெடுத்து தண்ணீர் மூலக்கூறுகள் சூழ நிற்கும் எலக்ட்ரானை, ஹைட்ராக்சிலாக மாற்றிவிடும், அதன் அளவு ஏறக்குறைய இரட்டிப்பாகும். நைட்ரஜன் செலுத்தி டெர்ஷியரி பியூட்டனாலும் சேர்த்திருந்தால், ஹைட்ராக்சிலை ஒழித்துவிட்டு எலக்ட்ரானைத் தனியாகப் பார்க்கிறார் என்று அர்த்தம். இந்த ஒரு வரி பிடிபட்டால் மீதிப் பக்கங்கள் வேகமாக ஓடும்.

வெளிவந்த வருடத்தையும் பாருங்கள். நீரேறிய எலக்ட்ரானின் நிறமாலையை ஹார்ட், போக் இருவரும் 1962-இல் வெளியிட்டார்கள். அதற்கு முந்தைய கட்டுரைகள் பலவற்றில் எலக்ட்ரான் செய்த வேலையும் ஹைட்ரஜன் அணுவின் கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கும். பழைய கட்டுரைகளில் அலகும் வேறு. பொருள் உள்வாங்கிய கதிரின் அளவைச் சொல்லும் கிரே என்ற அலகு 1975-இல்தான் ஏற்கப்பட்டது. அதற்கு முன் எல்லாம் ராட். 100 ராட் ஒரு கிரே. ஜி மதிப்பை 1.036 × 10⁻⁷ ஆல் பெருக்கினால் ஜூலுக்கு இத்தனை மோல் என்று வரும். படிக்கும்போதே நோட்டில் மாற்றி எழுதிவிடுங்கள், கடைசியில் மொத்தமாக மாற்றலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

எண்களுக்கு ஒரு கைப்பிடி வேண்டும். எனக்கு அது மாம்பழம். அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் நம் நாட்டு மாம்பழத்துக்குக் குறைந்தது 400 கிரே கொடுக்கிறார்கள். ஃபிரிக் கரைசல் அளக்கும் எல்லையும் சுமார் 40 முதல் 400 கிரே வரைதான். வீட்டில் இதைச் சொன்னபோது அப்பா, "ஏன் கண்ணு, அந்தப் பழத்துக்குள்ள கதிர் தங்கிடாதா?" என்று கேட்டார். தங்காது. கோபால்ட்டின் காமா கதிருக்கு, பழத்திலுள்ள அணுக்களைக் கதிரியக்கமாக்கும் அளவு ஆற்றல் இல்லை. அவருக்குப் புரியும்படி அதைச் சொல்லிப் பழகியது வைவாவுக்கு நல்ல பயிற்சியாக இருந்தது.

ஒவ்வொரு வினையும் எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்லும் வேக மாறிலிகளுக்கு பக்ஸ்டனும் மற்றவர்களும் 1988-இல் வெளியிட்ட பெரிய தொகுப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதை வரிசையாகப் படிக்க வேண்டாம், அகராதி மாதிரி புரட்டினால் போதும்.

வைவாவுக்கு வந்த தேர்வாளர் முதலில் கேட்டது, "ஃபிரிக் கரைசலில் சாதா உப்பு எதற்கு?" தண்ணீரில் துளி கரிமக் கசடு இருந்தாலும் ஹைட்ராக்சில் அதோடு வினைபுரிந்து ஃபெரிக் கணக்கை ஏற்றிவிடும், குளோரைடு அதைத் தடுக்கும் என்றேன். அப்புறம் கட்டுரைகளின் எண்களை ஒப்பிட்டு நான் போட்டிருந்த அட்டவணையில் சிவப்பு மையில் 'சொல்லவில்லை' என்று எழுதிய கட்டங்களைக் காட்டி, இது என்ன என்றார். வாயு எது என்று குறிப்பிடாத கட்டுரைகள், அவற்றின் எண்களை ஒப்பிடவில்லை என்றேன். சரி என்று அடுத்த பக்கத்தைத் திருப்பினார்.