பென்ஷன் வந்தவர்களின் பிள்ளைகள்

நான் வேலை பார்த்த வங்கிக் கிளைகளில் வாசலில் துப்பாக்கியோடு நிற்பவர் பெரும்பாலும் முன்னாள் ராணுவ வீரர்தான். பொதுத்துறை வங்கிகளில் எழுத்தர் பணியிடங்களில் 14.5 சதவீதமும் கடைநிலைப் பணியிடங்களில் 24.5 சதவீதமும் முன்னாள் படைவீரர்களுக்கு ஒதுக்கீடு இருக்கிறது. மாற்றலாகிப் போகும் ஒவ்வொரு கிளையிலும் முதல் நாளே அவரிடம் பேச்சுக் கொடுத்துவிடுவேன். என் அப்பா ராணுவத்தின் தளவாடப் பிரிவான ஆர்டினன்ஸில் ஹவில்தார் என்றதும் வரும் கேள்வி ஒன்றுதான்: "எந்த யூனிட்?" பதில் சொன்ன பிறகு "மேடம்" போய் "அம்மா" வந்துவிடும்.

என் அப்பாவும் இப்படி ஒரு வங்கி வாசலில் நின்றவர். நாற்பதைத் தாண்டிய கையோடு பென்ஷன் வந்தார். ராணுவக் குடும்பங்களில் "ஓய்வு பெற்றார்" என்று யாரும் சொல்வதில்லை, "பென்ஷன் வந்துட்டார்" என்பார்கள். வந்த ஒரு வருடத்தில் 12-போர் (bore) துப்பாக்கியும் காக்கிச் சட்டையுமாக இரண்டாவது வேலை. எங்கள் வகுப்பில் யார் எந்த வேலைக்குப் போனார்கள் என்று யோசிக்கும்போதெல்லாம் இந்த இடத்தில்தான் வந்து நிற்கிறேன். எங்கள் திசையை மதிப்பெண்ணைவிட அதிகமாக முடிவு செய்தது, அப்பா எந்த வயதில் வீட்டுக்கு வந்தார் என்பதுதான்.

ஆவடியில் கேந்திரிய வித்யாலயா. 2000-ல் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோம். இந்தப் பள்ளிகள் 1963-ல் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டது ராணுவப் படைப்பிரிவுகளின் 20 ரெஜிமெண்டல் பள்ளிகளைத்தான். அப்பாவுக்கு மாற்றல் வந்தால் பிள்ளையின் படிப்பு கெடக்கூடாது, நாடு முழுக்க ஒரே பாடத்திட்டம் என்பது நோக்கம். அது உண்மையாகவே வேலை செய்தது. ஜோத்பூரிலிருந்து நவம்பரில் வந்து சேர்ந்த பையன், அங்கே நிறுத்திய பாடத்தின் அடுத்த பக்கத்திலிருந்து இங்கே படித்தான். கெட்டது ஒன்றுண்டு. தமிழ்ப் பிள்ளைகள் பலர் தமிழை முறையாகப் படிக்காமலே வெளியே வந்தோம். கிராமக் கிளைக்குப் போன பிறகு, மகளிர் குழுத் தீர்மானங்களை எழுத்துக்கூட்டிப் படித்துத்தான் என் தமிழ் நிமிர்ந்தது.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே சீருடை. பள்ளி விட்டதும் பாதை பிரியும். அதிகாரிகள் குடியிருப்பு ஒரு பக்கம், சுபேதார் போன்ற இடைநிலை ரேங்க்காரர்களின் ஜேசிஓ குவார்ட்டர்ஸ் ஒரு பக்கம், சிப்பாய், நாயக், ஹவில்தார் குடும்பங்களுக்கான எங்கள் ஓஆர் குவார்ட்டர்ஸ் இன்னொரு பக்கம். த்ரீ டன் ராணுவ லாரியின் பின்பலகையில் கால் வைத்து ஏறுவோம். உள்ளே இருக்கும் ஜவான் மாமா கையைப் பிடித்துத் தூக்கிவிடுவார். புதிதாக வந்தவனின் அப்பா ரேங்க் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் பகை எதுவும் இருந்ததில்லை. வித்தியாசம் தெரிந்தது பிளஸ் டூவில்தான். கர்னலுக்கு 54 வயது வரை பணி இருக்கிறது. அவர் மகன் கல்லூரி முடிக்கும்வரை குவார்ட்டர்ஸ், மருத்துவமனை, சம்பளம் எல்லாம் இருக்கும். ஹவில்தாரின் பிள்ளை பரீட்சை எழுதும் நேரத்தில் வீட்டில் பெட்டி கட்டிக்கொண்டிருப்பார்கள். கறுப்பு டிரங்குப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்த பழைய யூனிட் முகவரியை அழித்து அப்பா ஊர்ப் பெயர் எழுதியது எனக்குக் கண்ணிலேயே இருக்கிறது. முன்பு எழுதிய மூன்று நான்கு முகவரிகள் அடியில் மங்கலாகத் தெரிந்தன.

அதனால் எங்களில் பலர் சீக்கிரம் சம்பளம் வரும் வேலையைத் தேடினோம். எழுத்தர் தேர்வு, ரயில்வே, தபால் துறை, பிறகு கணினி நிறுவனங்கள். கணினிப் பக்கம் போனவர்கள்தான் அதிகம், அவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறார்கள்.

சொல்ல வேண்டியது ஒரு சுபேதார் மகனைப் பற்றி. பிளஸ் டூ முடித்தவர்கள் அதிகாரியாகச் சேரும் என்டிஏ எழுத்துத் தேர்வில் தேறினான், அடுத்த கட்டமான எஸ்எஸ்பி நேர்காணலில் திருப்பி அனுப்பினார்கள். மறுபடி எழுதினான், மறுபடி அதேதான். அவனைவிடச் சுமாராகப் படித்த அதிகாரி மகன் ஒருவன் முதல் முறையே தேர்வானான். இதில் சூது இருந்ததாக நான் சொல்லவில்லை. அந்த வீட்டில் சாப்பாட்டு மேசையிலேயே நேர்காணல் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. குழுவில் எப்படிப் பேசுவது, படத்தைப் பார்த்து எப்படிக் கதை எழுதுவது என்பதெல்லாம் அவனுக்கு வீட்டுப் பேச்சு. சுபேதார் வீட்டில் அதைச் சொல்லித் தர ஆளில்லை. இவன் சிப்பாயாகவே சேர்ந்தான். பணியிலிருந்தபடியே, சிப்பாய்களை அதிகாரியாக்கும் ஆர்மி கேடட் காலேஜ் வழியாகத் தேர்வாகி டேராடூன் போனான். முப்பதை நெருங்கும்போது தோளில் நட்சத்திரம் ஏறியது. முதல் முறையே தேர்வான அந்தப் பள்ளி நண்பன் அதற்குள் மேஜர். இவனிடம் ஒரு வருத்தமும் இல்லை, "என் ஜவான்களுக்கு என்ன பிரச்சனைன்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை" என்பான். எனக்கு அந்தப் பத்து வருடம் இன்னமும் உறுத்துகிறது. திறமை இருக்கிறவனுக்கு வழி இருந்தது என்பது சரி. ஆனால் அந்த வழி ஏன் இவ்வளவு சுற்றாக இருக்க வேண்டும்?

பெண்களில் ஒருத்தி பரங்கிமலையில் அதிகாரிகள் பயிற்சி மையமான ஓடிஏவில் பயிற்சி முடித்து 2007-ல் ராணுவத் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேர்ந்தாள். குறுகிய காலப் பணி, அதிகபட்சம் பதினான்கு வருடம். அதிகாரிகளுக்கு ஓய்வூதியம் கிடைக்க இருபது வருடப் பணி வேண்டும். அதாவது நாற்பதுக்குள் வெளியே வர வேண்டும், கையில் பென்ஷனும் கிடையாது. "எங்கப்பாவாவது பென்ஷனோட வந்தாரு" என்று ஒருமுறை போனில் சொன்னாள். 2020 பிப்ரவரி 17 அன்று உச்ச நீதிமன்றம் பெண் அதிகாரிகளுக்கும் நிரந்தரப் பணி வழங்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதோடு முடியவில்லை. தகுதியை மதிப்பிட்ட முறை பெண்களுக்குப் பாதகமாக இருக்கிறது என்று மறுபடி வழக்கு, 2021 மார்ச்சில் மறுபடி தீர்ப்பு. அந்த ஓராண்டு முழுக்க அவள் வெளி வேலைக்கு விண்ணப்பங்களைத் தயார் செய்துகொண்டே பணியும் பார்த்தாள். என் கிளைக்கு வந்து வீட்டுக் கடனின் தவணையைக் கணக்குப் போட்டுப் பார்த்தாள், வேலை போனால் எத்தனை மாதம் தாங்கும் என்று. கடைசியில் நிரந்தரப் பணி கிடைத்தது. இப்போது கர்னல் ரேங்க்குக்கான தேர்வு வாரியத்தை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

மாற்றலைப் பொறுத்தவரை நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிட்டோம். அதிகாரி மகன் ஒருவன் சட்டம் படித்துக் கோயம்புத்தூரில் வழக்கறிஞராக இருக்கிறான். வீடு, அலுவலகம், பிள்ளைகளின் பள்ளி எல்லாம் நடக்கும் தூரத்தில். மேல் நீதிமன்றத்துக்கு வா என்று மூத்தவர்கள் கூப்பிட்டும் அசையவில்லை. "பன்னிரண்டு வகுப்புக்கு எட்டு ஸ்கூல் மாறினவன்டா நான்" என்று காரணம் சொல்வான். இன்னொருத்தி அதே கேந்திரிய வித்யாலயாவில் ஆசிரியை. இப்போது அவளே சேர்க்கைப் படிவங்களைச் சரிபார்க்கிறாள், கடந்த ஏழு வருடத்தில் பெற்றோருக்கு எத்தனை மாற்றல் என்று எண்ணி வரிசைப்படுத்துகிறாள். வருடத்தின் நடுவில் சேரும் பிள்ளையை முதல் வாரம் தன் பக்கத்திலேயே உட்காரவைத்துக்கொள்வாளாம். நான் நடுவில் இருக்கிறேன். மாற்றல் உத்தரவு வந்தால் சக ஊழியர்கள் கலங்கிப்போகும்போது எனக்குப் பதற்றமே வருவதில்லை, ஒரே ஞாயிற்றுக்கிழமையில் வீட்டைக் கட்டிவிடுவேன். புது ஊரில் ஒரு வாரத்தில் பத்துப் பேரைத் தெரிந்துகொள்வேன். பழைய ஊர்க்காரர்களோடு தொடர்பை வைத்துக்கொள்வதுதான் எங்கள் யாருக்கும் எளிதில் வராதது.

அதனாலேயே இன்னும் சிலரைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முகவரி கேட்டால் எல்லோரும் எழுதிக் கொடுத்தது அப்பாவின் யூனிட் பெயரும் "மே/பா 56 ஏபிஓ" என்ற ராணுவத் தபால் நிலைய எண்ணும்தான். 1999 கோடையில் கார்கிலில் சண்டை நடந்தபோது அந்த முகவரிக்குத்தான் வகுப்பில் பாதிப் பேர் இன்லேண்டு லெட்டர் எழுதினோம். கடிதம் போய்ச் சேர்ந்தது, ஆனால் அப்பா எந்த மலையில் இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. இன்று அந்த முகவரியை வைத்துக்கொண்டு தோழி எங்கே என்று எப்படித் தேடுவது? குறிப்பாக என் பக்கத்து இருக்கைக்காரி. நாயக் மகள், பிளஸ் டூ முடிந்ததும் ஊருக்குப் போனவள்.

"உன் சிஸ்டத்துல பேரைத் தட்டினா வந்துடுமே" என்று வழக்கறிஞர் சொன்னான். வரலாம்தான். வாடிக்கையாளர் கணக்கைச் சொந்தக் காரியத்துக்குத் திறப்பது கூடாது. அவளுடைய அப்பாவும் என் அப்பாவும் ஒரே வாசலில் காவல் நின்றிருந்தாலும் கூடாது. அதனால் அவர் சேர்ந்திருந்த படைப்பிரிவையும் சொந்த மாவட்டத்தையும் எழுதி, அந்த மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறேன். அவள் முகவரியைக் கேட்கவில்லை. என் போன் எண்ணை அவளிடம் சேர்த்தால் போதும் என்று எழுதியிருக்கிறேன்.