டெங்கு இரத்தம்: வார்டிலிருந்து பிசிஆர் வரை

திருகோணமலையில் மாரி மழையோடு டெங்கும் ஏறும். வைரஸ் நம் மரபணுக்களை என்ன செய்கிறது என்று பார்க்க, ஒரே நோயாளியிடம் இரண்டு ரியூப் இரத்தம் எடுக்கிறோம்: ஒன்று வைரஸின் ஆர்என்ஏக்கு, மற்றது நோயாளியின் ஆர்என்ஏக்கு (எந்த மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுவது இதுதான்). வேலை கெடுவது பெரும்பாலும் மெஷினில் இல்லை, வார்டுக்கும் பிறீசருக்கும் நடுவில்தான்.

காய்ச்சல் தொடங்கி 5 நாளுக்குள் எடுக்கவேண்டும். பிந்தினால் இரத்தத்தில் வைரஸ் குறைந்துவிடும். பிசிஆர் (வைரஸின் ஆர்என்ஏயைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் சோதனை) நெகட்டிவ் வந்தாலும் டெங்கு இல்லையென்று சொல்லமுடியாது, ஐஜிஎம் என்ற எதிர்ப்புரதத்தைப் பார்க்கவேண்டும். முதல் ரியூப் ஊதா மூடி, உள்ளே இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ. பச்சை மூடியைத் தொடவே வேண்டாம், அதிலுள்ள ஹெப்பரின் பிசிஆரை முடக்கும். பிளாஸ்மாவைப் பிரித்தபிறகே உறைய வையுங்கள். முழு இரத்தமாக உறைந்தால் செங்குழியங்கள் உடைந்து, வெளிவரும் ஹீமும் பிசிஆரைத் தடுக்கும்.

இரண்டாவது பாக்ஸ்ஜீன் ரியூப், 2.5 மில்லிலீற்றர், கடைசியாக எடுப்பது. உள்ளே திரவம் இருப்பதால் ரியூப் கையைவிடத் தாழ்ந்தே இருக்கவேண்டும். எடுத்த கையோடு 8–10 தடவை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள். அந்தத் திரவம் கலங்களை உடைத்து, மரபணுக்கள் அந்த நிமிடம் இருந்தபடியே ஆர்என்ஏயை நிறுத்திவைக்கிறது. சும்மா ஈடிடிஏயில் மணிக்கணக்காக வைத்தால் வெண்குழியங்கள் ரியூபுக்குள்ளேயே மாறிக்கொண்டிருக்கும். பிறகு அளப்பது நோயை அல்ல, காத்திருப்பை. குறைந்தது 2 மணித்தியாலம் 'அறை வெப்பநிலை' என்று எழுதியிருக்கும். அது 18–25 பாகை. எங்கள் ஊர் மத்தியானம் 30ஐத் தாண்டும், ஆகவே ஏசி அறைதான். அதன்பின் கம்பி ராக்கில் மைனஸ் 20இல் ஒரு நாள், பிறகுதான் மைனஸ் 80. ரெஜிபோமில் நிறுத்தினால் ரியூப் வெடிக்கலாம்.

வைரஸ் ஆர்என்ஏக்கு நாங்கள் பாவிப்பது கியாம்ப் கிட்: பிளாஸ்மா 140 மைக்ரோலீற்றர், ஏவிஎல் (வைரஸை உடைக்கும் குவானிடின் கரைசல்) 560, பத்து நிமிடம், எதனோல் 560, பிறகு கொலம் (ஆர்என்ஏயைப் பிடித்துவைக்கும் சிறு வடிகட்டிக் குழாய்). ஏவிஎல்லைப் பிறிட்ஜில் வைத்தால் வெள்ளையாகப் படியும். சூடாக்கிக் கரைக்காமல் பாவிக்கக்கூடாது. கழுவி முடிந்ததும் வெறும் கொலத்தை இன்னொருமுறை சுற்றுங்கள், மிஞ்சும் எதனோல் பிசிஆரைக் கெடுக்கும். கழிவில் பிளீச் ஊற்றவேண்டாம்: குவானிடினோடு சேர்ந்து நச்சு வாயு வரும்.

கொழும்புக்கு உலர் ஐஸில் அனுப்பும்போது பெட்டியைக் காற்றுப்புகாமல் ஒட்டக்கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும்.

முடிவை வாசிப்பதில்தான் நிதானம் வேண்டும். இன்டர்பெரோன் என்பது வைரஸ் வந்ததும் உடல் விடும் எச்சரிக்கைப் புரதம், அதன் செய்தியைக் கலத்துக்குள் கடத்துவது ஸ்டாட்2. டெங்குவின் என்எஸ்5 புரதம் ஸ்டாட்2வைப் பிடித்து அழிப்பதால், தொற்றிய கலத்தில் இன்டர்பெரோனால் தூண்டப்படும் மரபணுக்கள் எழும்பாது. ஆனால் இரத்தத்திலுள்ள தொற்றாத கலங்களில் அதே மரபணுக்கள் ஓங்கி நிற்கும், இரண்டும் ஒரே ரியூபில் கலந்து வரும். அதோடு டெங்குவில் வெண்குழியங்களே குறைகின்றன. ஒரு மரபணு 'இறங்கியது' என்று எழுதமுன் அன்றைய எப்பிசி (முழு இரத்தக் கல எண்ணிக்கை) அறிக்கையை எடுத்துப் பாருங்கள். இறங்கியது அந்தக் கலங்களின் எண்ணிக்கையாகவும் இருக்கலாம்.